பித்தளை என்று சொல்லித் தலையில் கட்டிய தோட்டா: 12 போர் (bore, குழல் அளவு) துவக்கு வைத்திருக்கும் வேளாண்மைக்காரர் கவனத்துக்கு

போன பெரும்போகம், கதிர் பால்பிடித்து நிற்கிற நேரம். இரவு பதினொரு மணி தாண்டியிருக்கும், மாமாவிடமிருந்து போன் வந்தது. பரணில் இருந்து பேசினார்.

"மருமகன், துவக்குத் திறக்குதில்ல. வெடிச்ச தோட்டா உள்ளுக்கு இறுகிப் போய்க் கிடக்கு."

இலங்கையில் அம்பாறை மாவட்டத்து நாவிதன்வெளிப் பக்கம் வயல் வைத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு கெட்ட செய்தி என்று விளங்கும். யானை வந்தால் யானைவெடி இருக்கிறது. துவக்கு பன்றிக்கு. முதல் சத்தத்துக்குப் பன்றிக் கூட்டம் வரம்பு வரைக்கும் ஓடும், இரண்டாவது சத்தம் இல்லை என்று தெரிந்தால் திரும்பி வரும். அன்றைக்கு இரண்டாவது சத்தம் இல்லை. விடியப் போய்ப் பார்த்தபோது கால் ஏக்கர் சேறாகக் கிடந்தது.

தோட்டா வாங்கிய கதையைச் சொல்கிறேன். மாமாவுடைய துவக்கு அவருடைய அப்பா காலத்துச் சாமான், இங்கிலாந்தில் செய்த ஒற்றைக் குழல். பயிர்க் காவல் லைசன்ஸ், ஒவ்வொரு வருடமும் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) புதுப்பிப்பு, எல்லாம் ஒழுங்கு. வழக்கமாக வாங்கும் இடத்தில் அந்தமுறை தோட்டா முடிந்துபோயிருந்தது. யாரோ சொல்லி வேறொரு ஊரில் உள்ள கடைக்குப் போனோம். அதுவும் லைசன்ஸ் உள்ள கடைதான். பெயர் சொல்லப் போவதில்லை, தேடிக் கேட்டு உள்பெட்டிக்கு வராதீர்கள்.

கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். மூடி ஏற்கெனவே திறந்த பெட்டி. தோட்டாக்களின் அடிப்பாகம் மஞ்சளாகப் பளபளத்தது. "முழுப் பித்தளை அண்ணே, வெளிநாட்டுச் சாமான்" என்றார். விலை வழக்கத்தைவிட ஒன்றரைப் பங்கு. மாமா ஒரு தோட்டாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் ஏதோ தெரிந்தவர்கள் போலத் தலையை ஆட்டினோம். பில்லில் "12 போர், 1 பெட்டி" என்று மட்டும் எழுதித் தந்தார். கம்பனிப் பெயரும் இல்லை, நீளமும் இல்லை. அந்த இடத்திலேயே விழித்திருக்க வேண்டும்.

இன்னொன்றை மாமா பிறகுதான் சொன்னார். இறுகிப்போனதற்கு நான்கு நாள் முன்னரே ஒரு தோட்டா "டிக்" என்றதோடு நின்றிருக்கிறது. நல்ல காலம், அவர் பழைய ஆள். குழலை வானத்துக்குப் பிடித்தபடியே ஒரு சுருட்டுப் பற்றவைக்கிற நேரம் இருந்துவிட்டுத்தான் திறந்திருக்கிறார். வெடிக்காத தோட்டாவுக்கு ஆகக் குறைந்தது முப்பது வினாடி கொடுக்க வேண்டும். நனைந்துபோன தோட்டாவில் சில நேரம் நெருப்புத் தாமதமாகப் பிடிக்கும். இளம்பொடியன்கள் உடனே திறந்து பார்ப்பார்கள். முகத்துக்கு நேரே.

சரி, துவக்குக்கு வருவோம். துவக்கு திருத்தும் வேலை தெரிந்த பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் வாய்ப்பக்கமாக ஒரு மரக்கோலை விட்டு, துணி சுற்றிய சுத்தியலால் மெல்லத் தட்டி எடுத்தார். வெளியில் வந்ததைப் பார்த்தால் வெட்கக்கேடு. தோட்டாவின் விளிம்பில் ஒரு பிறை அளவு பிய்ந்திருந்தது. துவக்கைத் திறக்கும்போது தோட்டாவைப் பின்னால் தள்ளும் நாக்கு, அந்த விளிம்பைக் கிழித்துக்கொண்டு தாண்டியிருக்கிறது. கிழிந்த இடத்தில் மஞ்சள் இல்லை. சாம்பல் நிறம், ஓரத்தில் செந்துரு.

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. மேசை லாச்சிக்குள் இருந்து பழைய ரேடியோ ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். வெடித்த தோட்டாவின் வெற்றுக் கூடு, கோது என்போம், தானே நகர்ந்துபோய் ஒட்டிக்கொண்டது.

எனக்குச் சின்ன வயது ஞாபகம் வந்தது. சண்டைக் காலத்தில் வளர்ந்த எங்களுக்கு வெற்று ரவைக் கோது புதிதில்லை. பொறுக்கிச் சேர்த்துப் பழைய இரும்புக்காரரிடம் கொண்டுபோவோம். அவர் நூலில் கட்டிய காந்தம் ஒன்று வைத்திருப்பார். ரி-56 என்ற தானியங்கித் துப்பாக்கியின் கோது செம்பு நிறத்தில் அழகாக மின்னும், காந்தம் டக்கென்று ஒட்டும். "இது இரும்பு மனே, மேல்பூச்சுத்தான்" என்று தூக்கி எறிவார். பித்தளைக் கோதுக்கு மட்டும்தான் காசு. ஏழு வயதில் தெரிந்தது நாற்பது வயதில் மறந்துபோனால் யாரை நோவது?

இரும்பாக இருந்தால் என்ன குறை என்று கேட்கலாம். ரி-56 இரும்புக் கோதோடுதானே சுட்டது? பெரியவர் விளங்கப்படுத்தினார். வெடிக்கும்போது கோது விரிந்து குழல் சுவரோடு ஒட்டி, நெருப்பும் புகையும் பின்னால் வராமல் அடைக்க வேண்டும். அழுத்தம் இறங்கியதும் சுருங்கிச் சுவரை விட வேண்டும். நூற்றுக்கு எழுபது செம்பும் முப்பது துத்தநாகமும் கலந்த தோட்டாப் பித்தளை இரண்டையும் செய்யும். மலிவான மெல்லிய இரும்பு விரியும், திரும்பிச் சுருங்குவதில் கஞ்சத்தனம் காட்டும். ரி-56 ரவையின் உடம்பு நன்றாகச் சரிந்து ஒடுங்கியது. கொஞ்சம் அசைந்தாலே சுவரை விட்டுவிடும், இழுப்பதும் முரட்டு இழுவை. மாமாவின் துவக்கில் இழுப்பது மாமாவின் கை.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். காந்தம் ஒட்டுகிற தோட்டா எல்லாம் கள்ளச் சாமான் இல்லை. இன்றைக்கு நல்ல கம்பனிகளின் 12 போர் தோட்டாவிலேயே நிறைய, பித்தளைப் பூச்சுப் பூசிய இரும்பு அடிதான். ஒழுங்காகச் செய்து, காய்ந்த இடத்தில் வைத்திருந்தால் பிழையில்லாமல் வேலை செய்யும். எங்களுக்கு நடந்தது வேறு. இரும்பைப் பித்தளை என்று சொல்லிப் பித்தளை விலைக்கு விற்றார்கள், அதுவும் ஈரம் குடித்துப் பூச்சுக்குள் துருப்பிடித்த பழசை.

மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம். இனி வருவதுதான் எனக்கு ஆகக் கோபம் வந்த இடம். கடைக்காரர் கொஞ்சமும் கூசாமல், "அண்ணே, உங்களுக்கு உலகம் தெரியாது. அமெரிக்காக்காரனே பித்தளையை விட்டுட்டு ஸ்டீலுக்குப் போயிட்டான். இது ஹை பிரஷர் ஸ்டீல். உங்கட துவக்குத்தான் பழசு" என்றார். போனில் ஒரு படத்தையும் காட்டினார். பெட்டியை விற்றபோது முழுப் பித்தளை. திருப்பிக் கொண்டுவந்தபோது ஹை பிரஷர் ஸ்டீல்!

வீட்டுக்கு வந்து தேடினேன். அவர் காட்டியது உண்மையான சாமான்தான். 2025 தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபெடரல் கம்பனி அறிவித்த 7 மி.மீ. பேக்கன்ட்ரி என்ற வேட்டை ரைபிள் தோட்டா. அதன் கோது விசேஷமான உருக்குக் கலவை. சதுர அங்குலத்துக்கு 80,000 இறாத்தல் அழுத்தம் வரைக்கும் போகும். பித்தளைக் கோது போட்ட பழைய .30-06 ரைபிள் தோட்டாவுக்கே எல்லை 60,000. அந்த மேலதிக 20,000ஐப் பித்தளை தாங்காது என்பதால்தான் உருக்குக்குப் போனார்கள். அமெரிக்க இராணுவத்தின் புதிய 6.8 மி.மீ. ரவையும் 80,000 கணக்குத்தான், ஆனால் அதில் அடி மட்டும் உருக்கு, உடம்பு இன்னும் பித்தளை. இவற்றைச் சுட அதற்கென்றே செய்த ரைபிள் வேண்டும்.

எங்கள் 12 போர் தோட்டாவின் எல்லை எவ்வளவு தெரியுமா? 11,500. அந்த 80,000இல் ஏழில் ஒரு பங்கு. அந்த அழுத்தத்துக்கு விசேஷ உருக்கும் தேவையில்லை, ஒன்றும் தேவையில்லை. எழுபது வருடத்துக்கு முந்தைய ஒற்றைக் குழலுக்குள் "ஹை பிரஷர்" என்று ஒன்று உண்மையிலேயே போயிருந்தால் குழல் பிளந்திருக்கும். கடைக்காரர் சொன்னது பொய்யாக இருந்தபடியால்தான் மாமாவுக்கு இன்றைக்கும் இரண்டு கை இருக்கிறது.

இதைவிடப் பெரிய பிழை ஒன்றைப் பெரியவர்தான் கண்டுபிடித்தார். மாமாவின் குழலுக்கு அடியில் 2½ என்று குத்தியிருக்கிறது, அது அங்குலக் கணக்கு. அதாவது 65 மி.மீ. தோட்டாவுக்கு வெட்டிய துவக்கு. எங்களுக்கு விற்றது 70 மி.மீ. போட்டால் உள்ளே போகும், மூடவும் மூடும், அதனால் யாரும் யோசிப்பதில்லை. தோட்டாவில் எழுதியிருக்கும் நீளம் வெடித்து வாய் விரிந்த பிறகுள்ள நீளம். குழலில் தோட்டா இருக்கிற அறை குட்டையானால் அந்த வாய் விரிய இடமில்லாமல் குழலின் ஒடுங்கிய இடத்தில் போய் முட்டும், அழுத்தம் ஏறும். தாத்தா காலத்துத் துவக்கு வைத்திருப்பவர்கள் இன்றைக்கே குழலைத் திருப்பிப் பாருங்கள். கடைக்காரர் எங்களிடம் அறை நீளம் என்ன என்று கேட்கவே இல்லை. கேட்காதவரிடம் வாங்காதீர்கள். திறந்த பெட்டி, கலந்த பெட்டி, உதிரி, எதையும் தொடாதீர்கள். பில்லில் கம்பனிப் பெயரும் மி.மீ. அளவும் எழுதச் சொல்லுங்கள், முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். வாங்கினதைத் தகரப் பெட்டிக்குள் காற்றுப் புகாமல் வையுங்கள். வாடியின் ஓலைக்குள் செருகி வைக்கிற பழக்கம் மாரியில் எந்தத் தோட்டாவையும் கெடுத்துவிடும், அது பித்தளையானாலும் சரி.

காசு திரும்பக் கிடைத்ததா? இல்லை. பாதிக் காசுக்கு வேறு பெட்டி தருவதாகச் சொன்னார், மாமா கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். நான் 1977 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்து நுகர்வோர் அதிகாரசபையில் சொன்னேன். பில்லைக் கேட்டார்கள். "12 போர், 1 பெட்டி" என்ற பில்லை வைத்துக்கொண்டு எது பித்தளை எது இரும்பு என்று நான் எப்படி நிறுவ? மிச்சத் தோட்டாக்களை லைசன்ஸோடு கொண்டுபோய்ப் பொலிஸில் ஒப்படைத்துவிட்டோம். வீட்டில் வைத்திருக்க மாமி விடவில்லை.

மாமா இப்போது வெற்றிலைப் பெட்டிக்குள் ஒரு காந்தம் வைத்திருக்கிறார். தண்ணீர்ப் பைப், கதவுக் கொண்டி, மருந்தடிக்கிற மெஷினின் வாய் என்று எதைக் கண்டாலும் ஒட்டிப் பார்க்கிறார். போன கிழமை சாமியறைக்குள் போயிருக்கிறார். ஒரு கோயில் திருவிழாவில் மாமி பேரம் பேசி வாங்கிய குத்துவிளக்கு. காந்தம் ஒட்டிக்கொண்டு விழவில்லையாம். மாமி இன்னும் அவரோடு பேசவில்லை.