வெள்ளிக்கட்டியைக் கடையிலேயே விட்டு வராதீர்கள்: என் 3,20,000 ரூபாய் போச்சு

நேற்று சாயங்காலம் கடையிலிருந்து திரும்பியதிலிருந்து படபடப்பு அடங்கவில்லை. போனது 3,20,000 ரூபாய். முப்பத்திரண்டு வருஷம் ஆரம்பப் பள்ளியில் தொண்டை வறளக் கத்திச் சேர்த்த காசு.

ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் பெரும்பகுதியைத் தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டேன். 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வந்துவிடுகிறது. கொஞ்சம் தங்கமாகவும் வெள்ளியாகவும் இருக்கட்டும் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். யோசனை தப்பில்லை. தங்கக் காசு ஐந்து பவுன் வேறொரு கடையில் பில்லோடு வாங்கினேன். சென்னையில் மகளுடைய பேங்க் லாக்கரில் இருக்கிறது. வெள்ளிக்குத்தான் இந்தக் காரைக்குடி நகைக்கடைக்குப் போனேன். என் கல்யாணச் சாமானை அம்மா எடுத்த கடை.

2024 மார்ச். கிலோ 80,000 என்று நாலு கிலோ பேசினேன். முதலாளி உள்ளேயிருந்து ஒரு கிலோக் கட்டியைக் கொண்டுவந்து என் இரண்டு கையிலும் வைத்தார். சில்லென்று இருந்தது. சுத்த வெள்ளி என்பதற்கான 999 முத்திரை, கீழே சீரியல் நம்பர். அந்த நம்பரை என் கண் முன்னாலேயே ஒரு மஞ்சள் சீட்டில் எழுதினார். மற்ற மூன்றும் இதே மாதிரிதான், உள்ளே இருக்கிறது என்றார். அப்புறம் கேட்டார்: "டீச்சர், இதைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுலயா போகப் போறீங்க? அம்மாம் பெரிய வீட்டுல ஒத்தையா இருக்கீங்க. நம்ம லாக்கர்லயே இருக்கட்டும், கேட்ட அன்னைக்கு எடுத்துத் தர்றேன்."

அங்கேதான் விழுந்தேன். எங்கள் வீட்டு முகப்பில் நின்று கத்தினால் பின்கட்டுக்குக் கேட்காது. ராத்திரி ஒரு கதவு ஆடினாலும் எழுந்து உட்காருகிறவள் நான். என் பயம் அவருக்குத் தெரிந்திருந்தது. பில் போடாவிட்டால் ஜிஎஸ்டி 3 சதவீதம், 9,600 ரூபாய் மிச்சம் என்றார். ரொக்கத்தை இரண்டு நாளாக, 1,60,000 வீதம் வாங்கிக்கொண்டார். ஒரே வியாபாரத்துக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, நாள் பிரித்தாலும் செல்லாது என்று இப்போதுதான் வக்கீல் சொல்கிறார்.

கண் ஆபரேஷனுக்காக இந்த வருஷம் ஒரு கட்டியை விற்கலாம் என்று போனேன். "முதலாளி மதுரை போயிருக்காக." அடுத்த வாரம், "லாக்கர் சாவி தம்பிகிட்ட இருக்கு." அதற்கடுத்த முறை, "வெள்ளி ஏறிக் கிடக்கு ஆச்சி, பழைய ரேட்டுக்கு எப்படிக் கட்டுப்படியாகும்? நகையா எடுத்துக்கோங்க." அதற்குச் சேதாரம் 18 சதவீதமாம். நான் முழுப் பணமும் கொடுத்த பொருளுக்கு என்ன பழைய ரேட்டு, புது ரேட்டு? பிறகு போனையே எடுக்கவில்லை.

நேற்று மதியம் பஸ் ஸ்டாண்டில் பழைய சக ஆசிரியை ஒருவரைப் பார்த்தேன். பேச்சுவாக்கில் அவரும் கைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் சீட்டை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரே சீரியல் நம்பர். என் கையில் வைத்த அதே கட்டியை அவர் கையிலும் வைத்திருக்கிறார். இருவருமாக நேரே கடைக்குப் போனோம். "அது வெறும் மதிப்பீட்டுச் சீட்டும்மா, பில் இல்லை" என்று எங்களை வெளியே நிற்கவைத்தே பேசி அனுப்பினார்கள். உட்காரச் சொல்லக்கூட இல்லை.

3,20,000 ரூபாய். இன்று அந்த நாலு கிலோவை வாங்க இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும்.

விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. சுருக்கமாக: ஜிஎஸ்டி எண் போட்ட பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். பேங்க் வழியாகவே பணம் போகட்டும். பொருளைக் கையோடு வாங்குங்கள், வைக்க இடமில்லையென்றால் வாங்கவே வேண்டாம். ஹால்மார்க் தங்க நகையில் ஹெச்யூஐடி என்று எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி இருக்கும், பிஐஎஸ் கேர் என்ற அரசு ஆப்பில் தட்டிப் பார்க்கலாம்; வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை, அதனால் இன்னும் கவனம். ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, ஆனால் பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் நாங்கள் இருவரும் புகார் கொடுக்கச் சிவகங்கை போகிறோம். இதே மாதிரி மஞ்சள் சீட்டு உங்கள் வீட்டு பீரோவிலும் இருந்தால் இன்று ராத்திரிக்குள் சொல்லுங்கள்.