ட்ரான்டல் கேட் மாத்திரை: புழு போகும், தெள்ளு போகாது

"மாத்திரை கொடுத்து ஒரு மாசம்கூட ஆகல, மறுபடியும் புழு வருது." பூனைக்கான குடற்புழு மாத்திரை ட்ரான்டல் கேட் பற்றி அடிக்கடி காதில் விழும் புகார் இதுதான். பெரும்பாலும் தப்பு மருந்தின் மேல் இல்லை. சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்யும் மாத்திரை இது. தாராளமாகப் பத்துக்கு எட்டு கொடுக்கலாம்.

ஒரு மாத்திரையில் பிராசிகுவான்டல் 20 மில்லிகிராம், பைரான்டல் எம்போனேட் 230 மில்லிகிராம். முதலாவது நாடாப்புழுவுக்கு, அடுத்தது உருண்டைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும். 4 கிலோ பூனைக்கு ஒன்று, 2 கிலோவுக்கு அரை, 6 கிலோவுக்கு ஒன்றரை. பட்டினி போட வேண்டியதில்லை. எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள்.

நாய் மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் பழக்கம் இங்கே நிறைய உண்டு. கணக்கே ஒத்துவராது. 10 கிலோ நாய்க்கான ட்ரான்டல் பிளஸில் பைரான்டல் எம்போனேட் 144 மில்லிகிராம்தான். எடைக்கு ஏற்ப உடைத்தால் 4 கிலோ பூனைக்கு ஏறத்தாழ 58 மில்லிகிராம் போகும். அதற்குத் தேவை 230. நாடாப்புழு போகும், உருண்டைப்புழு அப்படியே தங்கிவிடும்.

இந்த மாத்திரையின் பெரிய குறை கசப்பு. மேல்பூச்சு இருக்கும்வரை பிரச்சினையில்லை. உடைத்த பக்கம் நாக்கில் பட்டால் வாயெல்லாம் நுரை தள்ளும். பார்க்கப் பயமாக இருந்தாலும் அது விஷமில்லை, கசப்புக்கு ஊறும் எச்சில். ஆனால் மாத்திரை பாதி வெளியே வந்திருக்கும், அளவு கெட்டுவிடும். பொடித்துச் சோற்றில் கலப்பது இதனால்தான் பலிக்காது. துண்டால் உடம்பைச் சுற்றி, தலையை மேலே நிமிர்த்தி, கீழ்த்தாடையை விரலால் இறக்கி, நாக்கின் அடிப்பகுதியில் போட்டு வாயை மூடுங்கள். உடைத்த துண்டென்றால் வெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். உடனே ஊசியில்லாத சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீரைக் கடைவாய் ஓரமாக மெல்ல விடுங்கள். மாத்திரை தொண்டையில் ஒட்டாமல் இறங்கும்.

அடுத்த நாள் மலத்தில் வேகவைத்த சேமியா மாதிரி நீளமாக வந்தால் உருண்டைப்புழு. நாடாப்புழு குடலுக்குள்ளேயே செரித்துப் போவதால் எதுவும் வராமலும் இருக்கலாம். மருந்து வேலை செய்யவில்லை என்று இன்னொரு மாத்திரை போடாதீர்கள்.

இனி அந்தப் புகாருக்கு வருவோம். வாலடியிலோ படுக்கையிலோ அரிசிமணி அளவில் வெள்ளையாக ஒன்று சுருங்கி விரிந்து நகரும். காய்ந்ததும் எள் போல மஞ்சளாகிவிடும். அது நாடாப்புழுவின் ஒரு கண்ணி, அதாவது புழுவின் உடலிலிருந்து உதிரும் ஒரு துண்டு. பூனை உடம்பை நக்கும்போது விழுங்கும் தெள்ளுப்பூச்சி வழியாகத்தான் இந்தப் புழு உள்ளே போகிறது. மாத்திரை இன்றைக்கு இருக்கும் புழுவைக் கொல்லும், நாளைக்கு விழுங்கப்போகும் தெள்ளை ஒன்றும் செய்யாது. புதுப்புழு வளர்ந்து கண்ணி உதிர்க்க இரண்டு மூன்று வாரம் போதும். சென்னையின் சூட்டிலும் புழுக்கத்திலும் தெள்ளுக்கு ஓய்வே கிடையாது. அதனால் அதே வாரத்தில் பூனைக்கென்றே உள்ள தெள்ளு மருந்தும் போட்டு, படுக்கைத் துணியை வெந்நீரில் அலச வேண்டும். நாய்க்கான, பெர்மெத்ரின் கலந்த தெள்ளு மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம், பூனையின் உயிருக்கே ஆபத்து.

வெளியே சுற்றும் பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுங்கள். 6 வாரத்துக்குட்பட்ட குட்டிக்கும் சினைப்பூனைக்கும் இது கூடாது. குட்டிக்கு 3 வார வயதிலிருந்தே மருந்து தேவை. தாய்ப்பாலிலேயே புழு வந்துவிடும் என்பதால் டாக்டரிடம் கேட்டு பைரான்டல் சிரப் கொடுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

பேதி உண்டாக்கும் ஜியார்டியா, காக்சிடியா என்ற கண்ணுக்குத் தெரியாத குடல் ஒட்டுண்ணிகள் இரண்டுக்கும் இது வேலை செய்யாது. பல்லி பிடித்துத் தின்னும் பூனைக்கு வரும் ஈரல் புழுவுக்கும் இந்த அளவு போதாது. மாத்திரை போட்டும் பேதி நிற்கவில்லையென்றால், அன்றைய மலத்தை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்து டாக்டரிடமோ போய்ப் பரிசோதித்துவிடுங்கள். குட்டியின் ஈறு வெளிறி, மலம் தார் மாதிரி கறுப்பாக இருந்தால் கொக்கிப்புழு ரத்தம் குடித்திருக்கலாம். மாத்திரையைத் தேடி அலையாமல் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள்.