உறுதிக் காணியோ பெர்மிட் காணியோ: மலிவா வாறதுக்கு ஒரு காரணம் இருக்கு

யாழ்ப்பாணத்தில கோண்டாவில் பக்கம் ரெண்டு பரப்பு உறுதிக் காணி, அதாவது முழு உரிமையோட உறுதி எழுதிற தனியார் காணி, வேண்டி முடிச்சாச்சு. அதே காசுக்குக் கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில ஏக்கர் கணக்கில பெர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில குடுத்த காணி, வந்தது, அதை விட்டிட்டு உதுக்கேன் போனனி எண்டு சொந்தக்காரர் கேக்கினம். ஏக்கருக்கு 16 பரப்பு எண்டு கணக்குப் பாத்தா அவை கேக்கிறதிலயும் ஞாயம் இருக்கு.

தண்ணி, றோட்டு, பள்ளிக்கூடம் எல்லாம் ஆளுக்காள் வேறுபடும், அதை விடுவம். நான் பாத்தது ஒண்டே ஒண்டு. நாளைக்குக் காசுக்கு முட்டுப்பட்டா இந்தக் காணியை நான் நினைச்ச ஆளுக்கு, நினைச்ச விலைக்கு விக்கலாமோ?

பெர்மிட் காணி 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ வாறது, டி.எஸ். சேனநாயக்க காணி அமைச்சரா இருந்த காலத்துச் சட்டம். நோக்கத்தில பிழை சொல்லேலாது, ஏழைக் கமக்காரன் வட்டிக்காரனிட்டக் காணியைப் பறிகுடுக்கக் கூடாது எண்டுதான் கொண்டுவந்தவை. அதுக்காகப் பிரதேச செயலாளரின்ர சம்மதம் இல்லாம விக்கேலாது, அந்தச் சம்மதம் இல்லாம நொத்தாரிசு உறுதி முடிக்கேலாது, குறிச்ச அளவுக்குக் கீழ துண்டாக்கேலாது, கடனுக்குக் கோட்டால பறிக்கவும் ஏலாது எண்டு வச்சிருக்கினம். கடைசியாச் சொன்னது கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கோட்டால பறிக்கேலாத காணியை ஈடா வச்சு எந்த வங்கிக்காரன் கடன் தருவான்? பெர்மிட்டைக் கிரான்டா (அரசாங்கம் தாற அளிப்புப் பத்திரமா) மாத்தினாலும் அரச வங்கியள், கூட்டுறவுச் சங்கங்கள் மாதிரிச் சில இடங்களிலதான் ஈடு வைக்கலாம், தனியார் வங்கியள் லேசில திரும்பிப் பாக்காயினம்.

இதின்ர விளைவை வன்னியில கண்ணால பாக்கலாம். காணி இருக்கு, ஆனா அதை வச்சுக் காசு எடுக்கேலாது எண்டதால சனம் ஈடு கேக்காத நுண்கடன் கம்பனியளிட்டப் போச்சு, அவங்கட வட்டி எப்பிடியெண்டு நான் சொல்லத் தேவையில்ல, கடைசியில 2018 இல மங்கள சமரவீர நிதி அமைச்சரா இருக்கேக்க வறட்சி மாவட்டங்களில பெண்கள் எடுத்த 1 லட்சத்துக்குட்பட்ட கடனுகளைத் தள்ளுபடி செய்யவேண்டி வந்தது. வட்டிக்காரனிட்ட இருந்து காப்பாத்த எண்டு வந்த சட்டம் சனத்தை இன்னொரு வட்டிக்காரனிட்டக் கொண்டுபோய் விட்டிருக்கு. எல்லாக் கடனுக்கும் இதுதான் காரணம் எண்டு சொல்லேல்ல, போரால அழிஞ்சது, வேலையில்லாதது எல்லாம் இருக்கு. ஆனா காணிச் சொந்தக்காரனுக்கு விக்கிற உரிமையும் ஈடு வைக்கிற உரிமையும் இருந்திருந்தா பேரம் பேச ஒரு பிடி இருந்திருக்கும்.

ரகசியமா வெள்ளைத் தாளில எழுதி விக்கிறவையும் இருக்கினம் எண்டு எல்லாருக்கும் தெரியும். அப்பிடி வேண்டினவர் அந்தக் காணிக்குச் சட்டப்படி ஒண்டுமில்லாத ஆள், அதாலதான் விலை அடிமட்டத்தில நிக்குது. விக்கேலாததின்ர நட்டத்தைத்தான் "மலிவு" எண்டு எனக்குக் காட்டினவை.

பிள்ளையளின்ர கதை வேற. பெர்மிட்காரர் தனக்குப் பிறகு காணி ஆருக்கு எண்டு பெயர் குறிக்காம செத்தா, இந்தச் சட்டத்துக்கு 2022 திருத்தம் வரும்வரைக்கும் பிள்ளையளில ஆம்பிளைக்குத்தான் முதலிடம். பொம்பிளைப் பிள்ளைக்குச் சீதனமாக் காணி எழுதிப் பழகின எங்கட ஊருக்கு உது எவ்வளவு பொருந்தாது எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

உறுதிக் காணி சுத்தமான சுதந்திரம் எண்டு நினைக்காதேங்கோ. பங்குக் காணியெண்டா 1947 ஆம் ஆண்டின் தேசவழமை (யாழ்ப்பாணத் தமிழரின்ர வழமைச் சட்டம்) முற்கொள்வனவுச் சட்டப்படி வேண்டுறதுக்குப் பங்காளிக்குத்தான் முதல் உரிமை, அறிவித்தல் குடுக்காம வேண்டினா வழக்குக்குப் போவான். அதைவிட 1911 சட்டம் ஒண்டு இருக்கு, தேசவழமைக்குக் கீழ வாற கலியாணம் முடிச்ச பொம்பிளை தன்ர சீதனக் காணியையே புருசன் எழுதிக் குடுக்காம விக்கேலாது. தனியார் காணியில அரசாங்கம் தலையிடக்கூடாது எண்டு கதைக்கிற எங்கட ஆம்பிளையள் ஏனோ உந்தச் சட்டத்தைப் பற்றி வாயே திறக்கிறேல்ல! எனக்கு எழுதித் தந்தவவும் புருசனின்ர கையெழுத்தோடதான் வந்தவ. முத்திரை வரி முதல் லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், அது வேண்டுற ஆளின்ர தலையில. தோம்பை (காணிப் பதிவேட்டை) ஒழுங்காப் பாக்காம, வெளிநாட்டில இருக்கிறவரின்ர காணியில பத்து வருசத்துக்கு மேல ஆர் இருந்தது எண்டு விசாரிக்காம அட்வான்ஸ் குடுத்திடாதேங்கோ.

எண்டாலும் இந்தத் தடையெல்லாம் பாத்து, விலை பேசித் தாண்டக்கூடியது. பெர்மிட் காணியில அப்பிடியில்ல, ஒவ்வொரு முறையும் ஒரு கந்தோரின்ர மனசு வேணும்.

வயல் செய்து பிழைக்கிற ஆளுக்கு என்ர கணக்குச் சரிவருமோ எண்டு நான் அடிச்சுச் சொல்லமாட்டன், நான் கமக்காரன் இல்ல. இடம்பெயர்ந்த காலத்தில காணியை விக்கக் கூடியதா இருந்திருந்தா கனபேர் அரை விலைக்குக் குடுத்திட்டுப் போயிருப்பினம், விக்கேலாததால பேர் எண்டாலும் மிஞ்சினது எண்டு உருத்திரபுரத்தில ஒரு ஐயா சொன்னவர், அதுக்கு என்னட்டப் பதில் இல்ல. 2024 இல வந்த உறுமய திட்டம் 20 லட்சம் குடும்பத்துக்கு முழு உறுதி தாறம் எண்டுதான் தொடங்கினது. அந்த முழு உறுதி கையில இருக்கிற ஒருத்தர் வட்டக்கச்சியில காணி விக்கிறார் எண்டால் எனக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ, ஆனா விலை இப்ப மாதிரி இராது.