ஜிங்க் எபாக்ஸி பிரைமர்: எண்ணூர் உப்புக்காற்றில் ஒன்றரை வருஷம்

எண்ணூர் ரோட்டில் துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றி ஓடும் எங்கள் டிரெய்லருக்குப் பின்பக்க பம்பர், சைடு கார்டு, ஸ்பேர் வீல் ஸ்டாண்ட் மூன்றையும் புதிதாக வெல்டிங் செய்து மாட்டினோம். முன்பு பிரைமராக, அதாவது மேல் பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சாக, ரெட் ஆக்சைடுதான் அடிப்போம். ஒரு மழைக்காலம் தாண்டாது, பிளேட் நடுவில் பெயின்ட் புதுசாகவே இருக்க வெல்டிங் கோடு மட்டும் பழுப்புக் கயிறு ஒட்டியதுபோலத் துரு ஏறி நிற்கும். இந்த முறை டூ-பேக் ஜிங்க் எபாக்ஸி வாங்கினேன், துத்தநாகம் கலந்த பெயின்ட்டும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும் தனித்தனியாக வரும். விலை கேட்டதும் கொஞ்சம் வலித்தது.

இந்தப் பிரைமரின் வேலையே வேறு. கீறல் விழுந்தால் அதில் இருக்கும் துத்தநாகம் முதலில் தான் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். ஆனால் அது வெறும் இரும்பைத் தொட்டால்தான் நடக்கும், பழைய பெயின்ட் மேல் பூசினால் காசு தண்டம். அதனால் பிளாஸ்டிங், அதாவது காற்றழுத்தத்தில் துகள்களை அடித்து இரும்பைச் சுத்தமாக்குவது, கட்டாயம். வெல்டிங் மேல் படியும் ஸ்லாக் என்கிற கசடைத் தட்டாமல் விட்டால் பெயின்ட் அதன் மேல்தான் உட்காரும், வண்டி குலுங்கக் குலுங்க இரண்டும் சேர்ந்து கழன்றுவிடும். வெல்டிங்கில் தெறித்து ஒட்டிய சிதறல் குண்டுகளையும் கிரைண்டர் போட்டு எடுங்கள், அதன் தலையில் பெயின்ட் நிற்காது.

முதலில் கொடுத்த பட்டறையில் சாயங்காலம் பிளாஸ்ட் செய்து "காலையில அடிச்சுக்கலாம் சார்" என்றார்கள். நம் ஊர்க் காற்றில் அது நடக்குமா? விடிவதற்குள் லேசாகப் பழுப்பு படிந்துவிட்டது. திரும்ப பிளாஸ்ட் செய்யச் சொல்லிச் சண்டை போட்டு, முடியாது என்றதும் மணலி பக்கம் வேறு இடம் போனேன். அங்கே நாலு மணி நேரத்துக்குள் பிரைமர் ஏறிவிட்டது. வெல்டிங் கோட்டிலும் விளிம்புகளிலும் முதலில் பிரஷ்ஷால் ஒரு கை, அப்புறம்தான் ஸ்பிரே. இதைக் கேட்டு வாங்குங்கள், பாதிப் பேர் செய்வதில்லை.

நடுவில் லீவு வந்து பிரைமரோடு மூன்று நாள் வெளியில் கிடந்தது, மேலே வெள்ளையாகப் பூத்துவிட்டது. துத்தநாக உப்புதான், பயப்பட வேண்டாம். நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, அடுத்த எபாக்ஸி கோட்டும் மேலே வெயில் தாங்கும் கறுப்பு பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட்டும் அடித்தோம். வெறும் எபாக்ஸியோடு விட்டால் வெயிலில் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டும்.

ஒன்றரை வருஷம் ஆகிறது, வெல்டிங் கோட்டில் இதுவரை ஒரு பொட்டுத் துரு இல்லை. ஸ்பேர் வீல் சங்கிலி உரசுகிற இடம் மட்டும் தேய்ந்துவிட்டது, அதற்கு எந்த பெயின்ட்டும் தாங்காது.

குறை என்றால் இரண்டு. துத்தநாகம் டின்னின் அடியில் போய் உட்கார்ந்துவிடும், அடிக்கும்போதும் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஹார்டனர் கலந்துவிட்டால் சில மணி நேரம்தான். நான் முழு டின்னையும் கலந்துவிட்டேன். மிச்சம் இறுகிக் கல்லாகி, இப்போது ஷெட் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்திருக்கிறது. நல்ல கனம்.