இசட் டிரைவ் காலையில் வர மறுக்கிறதா: டிக்கா, ஸ்கிரிப்டா, டொமைனா?

“சார், இசட் டிரைவில் சிவப்புப் பெருக்கல் குறி.” போன வருஷம் வரை எங்கள் ஆபீஸில் காலை 9.40-க்கு இந்தக் குரல் கேட்காத நாள் குறைவு. ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். 14 சிஸ்டம், அதில் 5 லேப்டாப். கணக்கு டேட்டா, ஸ்கேன் செய்த பில்கள், பழைய ரிட்டர்ன்கள் எல்லாம் மூலையில் இருக்கும் ஒரு நாஸ் பெட்டியில், அதாவது நெட்வொர்க்கில் எல்லாரும் பகிரும் சேமிப்புப் பெட்டியில். எல்லாருக்கும் அது இசட் டிரைவாகத் தெரிய வேண்டும். என் வேலை கணக்கு எழுதுவது. “உனக்குத்தான் கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியுமே” என்று ஒரு நாள் பெரிய சார் சொன்னார். அன்றிலிருந்து இதுவும் என் தலையில்.

மூன்று வழிகளைப் பார்த்துவிட்டேன். விண்டோஸே தரும் ‘ரீகனெக்ட் அட் சைன்-இன்’ டிக். லாகின் ஆனதும் ஓடும் ஒரு சின்ன பேட்ச் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பு). சர்வர் வைத்து டொமைன் (எல்லா சிஸ்டத்தையும் லாகின் பெயர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) போட்டு, குரூப் பாலிசி என்ற அதன் பொது விதிகள் வழியாக டிரைவ் கொடுப்பது. நான் இப்போது ஸ்கிரிப்ட் கட்சி. முன்கூட்டியே சொல்லிவிட்டால் நீங்களும் அதற்கேற்பப் படித்துக்கொள்ளலாம்.

சண்டைக்கு முன் சில்லறை விஷயங்கள். சிவப்புக் குறி இருந்தும் கிளிக் செய்தால் டிரைவ் திறக்கிறது என்றால் பாதிப் பிரச்சினைதான். விண்டோஸ் சிஸ்டத்தில் ஷேர் (நெட்வொர்க்கில் பகிரும் ஃபோல்டர்) வைத்திருந்தால், 15 நிமிடம் யாரும் தொடாத இணைப்பை அது தானாகத் துண்டித்துவிடும், தொட்டதும் சேர்த்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது, ஷட்டவுன் செய்து மறுநாள் போட்டால் வரவில்லை என்றால் சிஸ்டம் சீக்கிரம் எழ விண்டோஸ் வைத்திருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துப் பாருங்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு மாறிய பிறகு ஒரேயடியாக வரவில்லை என்றால் அது ரீகனெக்ட் பிரச்சினையே இல்லை. அந்தப் பதிப்பின் புரோ வகை, பாஸ்வேர்டு கேட்காத கெஸ்ட் ஷேர்களை இயல்பாகவே ஏற்காது, ஃபோல்டர் பகிர விண்டோஸ் பேசும் மொழியான எஸ்எம்பியில் சைனிங்கும் (செய்தியில் கையொப்பம்) கட்டாயம். 2017-க்குப் பிறகு வந்த விண்டோஸ் 10-ஐப் புதிதாகப் போட்டால் அந்த மொழியின் பழைய வடிவமான எஸ்எம்பி 1 இருக்காது, அல்லது பயன்படுத்தாவிட்டால் சில நாளில் தானாகவே போய்விடும், அதனால் அரதப் பழசான பெட்டிகள் கண்ணிலேயே படாது. அதற்காக எஸ்எம்பி 1-ஐத் திரும்ப ஆன் செய்யாதீர்கள். 2017 மே மாதம் வானாகிரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பரவியது அந்த வாசல் வழியாகத்தான்.

இப்போது டிக். நல்ல விஷயம், யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். கெட்ட விஷயம், அது ஒரு தடவை தட்டிப் பார்க்கும், கதவு திறக்கவில்லையென்றால் போய்விடும். பயனர் லாகின் ஆகும் நொடியில் நெட்வொர்க் தயாராக இருக்க வேண்டும். கேபிள் சொருகிய டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் இருக்கும். லேப்டாப்பில் வைஃபை சேரவே பத்து இருபது நொடி ஆகிவிடும், அதற்குள் விண்டோஸ் முயன்று, தோற்று, ‘எல்லா நெட்வொர்க் டிரைவையும் சேர்க்க முடியவில்லை’ என்று மூலையில் ஒரு அறிவிப்பைக் காட்டிவிட்டு ஒதுங்கிவிடும். கிளிக் செய்தால் வந்துவிடுமே என்பீர்கள். மனிதன் கிளிக் செய்வான். இசட் டிரைவில் டேட்டா இருக்கிறது என்று சொல்லி வைத்த கணக்கு மென்பொருள் கிளிக் செய்யாது, டேட்டா ஃபோல்டரைக் காணோம் என்று நின்றுவிடும். மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டி மாத ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி போடும் அவசரத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று ஆடிட்டர் ஆபீஸில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பில் இது பொதுவாகவே எல்லாருக்கும் வந்த தலைவலி. மைக்ரோசாஃப்ட் அதை ஒப்புக்கொண்டு, தற்காலிகத் தீர்வாகக் கொடுத்ததும் லாகின் நேரத்தில் ஓடும் ஒரு ஸ்கிரிப்டுதான். நான் ஸ்கிரிப்ட் பக்கம் சாய்ந்ததற்கு அதுவும் ஒரு தைரியம்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது வேறு கணக்கு. ஏதாவது ஒன்று மாறினால், அதைச் சரிசெய்ய நான் எத்தனை நாற்காலியில் போய் உட்கார வேண்டும்? டிரைவ் காலையில் வருகிறதா என்பது ஒரு நாள் பிரச்சினை. புது ஷேர் சேர்ப்பது, பெட்டியை மாற்றுவது, ஐபி எண் (நெட்வொர்க்கில் பெட்டியின் முகவரி) மாறுவது, ஆள் மாறுவது எல்லாம் வருஷம் முழுக்க வரும். டிக் வழியில் இந்த ஒவ்வொன்றுக்கும் விடை 14 நாற்காலி. பக்கத்தில் நிற்பவர் “இன்னும் எவ்வளவு நேரம் சார்” என்று கேட்பார், அது தனி.

நான் முதலில் எழுதிய ஸ்கிரிப்டும் இந்தக் கணக்கில் தோற்றது. ஒவ்வொரு சிஸ்டத்தின் ஸ்டார்ட்அப் ஃபோல்டரிலும் முழு ஸ்கிரிப்டையும் காப்பி செய்து வைத்தேன். இரண்டு மாதத்தில் ஸ்கேன் ஃபோல்டருக்குத் தனியாக ஒய் டிரைவ் வேண்டும் என்றார்கள். மறுபடியும் 14 நாற்காலி. அன்று மாலைதான் புத்தி வந்தது.

இப்போது சிஸ்டத்தில் இருப்பது ஒரு குட்டி வாயிற்காவலன் மட்டும். நாஸ் பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பான், இல்லையென்றால் 5 நொடி காத்திருப்பான். அதிகபட்சம் 24 தடவை, அதாவது ஏறத்தாழ இரண்டு நிமிடம். பெட்டி பதில் சொன்னதும் அங்கே இருக்கும் பெரிய ஸ்கிரிப்டைக் கூப்பிடுவான், அவ்வளவுதான் அவன் வேலை. எந்த எழுத்துக்கு எந்த ஷேர் என்பதெல்லாம் பெட்டியில் இருக்கும் அந்த ஒரே கோப்பில். ஒய் டிரைவை மாற்ற வேண்டுமா? என் இடத்தில் உட்கார்ந்தபடியே ஒரு வரி. மறுநாள் காலை எல்லாருக்கும் மாறியிருக்கும். நாற்காலி கணக்கு பூஜ்யம்.

இதில் ஒரு எச்சரிக்கை. அந்தக் கோப்பில் யார் எழுத முடியுமோ அவர் காவலன் இருக்கும் எல்லா சிஸ்டத்திலும் எதையும் ஓட்ட முடியும். அந்த ஃபோல்டரை மற்ற எல்லாருக்கும் படிக்க மட்டும் என்று வையுங்கள். இதைச் செய்ய மனமில்லை என்றால் ஸ்கிரிப்ட் வழிக்கே வராதீர்கள்.

பெரிய ஸ்கிரிப்ட் செய்வதும் ரொம்ப இல்லை. முதலில் நெட் யூஸ் கட்டளையால் பழைய இசட் இணைப்பை நீக்கும். பிறகு புதிதாகப் போடும், பெர்சிஸ்டென்ட் (அடுத்த லாகினுக்கும் நினைவில் வை) என்பதற்கு ‘நோ’ கொடுத்து. இந்த ‘நோ’ முக்கியம். டிக்கும் ஸ்கிரிப்டும் ஒரே டிரைவுக்கு அடித்துக்கொண்டால், ஏற்கெனவே அந்த எழுத்து பயனில் உள்ளது என்று 85-ஆம் எண் பிழை வரும். ஒரு வீட்டுக்கு ஒரு காவல்காரன் போதும். பாஸ்வேர்டை ஸ்கிரிப்டில் எழுதக் கூடாது. அது விண்டோஸின் பாஸ்வேர்டு பெட்டகமான கிரெடென்ஷியல் மேனேஜரில் அவரவர் பெயரில் இருக்கும். அங்கே சேமிக்கும்போது பெட்டியின் பெயரையே கொடுங்கள். ஐபி எண்ணுக்குச் சேமித்த பாஸ்வேர்டு பெயரால் கூப்பிடும்போது உதவாது. பெயரால் கூப்பிடுவதில் இன்னொரு லாபம், பெட்டியை மாற்றும்போது புதுப் பெட்டிக்கும் அதே பெயரை வைத்துவிடலாம். நாங்கள் அப்படித்தான் மாற்றினோம்.

காவலன் ‘உயிரோடு இருக்கிறதா’ என்று எப்படிப் பார்ப்பது என்பதில் மூன்று தடவை சறுக்கினேன். முதலில் பிங் (‘இருக்கிறாயா’ என்று நெட்வொர்க்கில் கேட்கும் கட்டளை) அடித்து, வெற்றியா தோல்வியா என்று அது திருப்பித் தரும் எண்ணைப் பார்த்தேன். ‘சேருமிடத்தை எட்ட முடியவில்லை’ என்று நம் சிஸ்டமே தனக்குச் சொல்லிக்கொள்ளும் பதிலைக்கூட விண்டோஸ் பிங் வெற்றி என்றே கணக்கு வைக்கும். சரி, ஷேரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று தேடுவோம் என்று மாற்றினேன். நன்றாகத்தான் ஓடியது, ஒருவர் பாஸ்வேர்டை மாற்றும் வரை. பழைய பாஸ்வேர்டோடு 24 தடவை கதவைத் தட்டியதில், யாரோ திருடன் என்று நாஸ் பெட்டி அவர் கணக்கையே பூட்டிவிட்டது. பெட்டியின் மேல் தப்பில்லை, அதன் வேலையை அது செய்தது. மூன்றாவதாக, பிங் பதிலில் டிடிஎல் என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று தேட வைத்தேன். உண்மையான பதிலில் மட்டும்தான் அது இருக்கும். அப்போதும் இரண்டு லேப்டாப் மட்டும் இரண்டு நிமிடமும் காத்திருந்து கைவிட்டன. அவை ஐபிவி6 என்ற புதிய முகவரி முறையில் பிங் அடித்துக்கொண்டிருந்தன, அந்தப் பதிலில் விண்டோஸ் டிடிஎல் காட்டாது. பழைய முறையான ஐபிவி4-இல் மட்டும் கேள் என்று பிங்குக்கு 4 என்ற சுவிட்சைச் சேர்த்ததும் தீர்ந்தது. பவர்ஷெல் பழக்கம் உள்ளவர்கள் எஸ்எம்பி பயன்படுத்தும் 445-ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்கலாம், அது இதைவிடச் சுத்தமான வழி.

இன்னொரு பள்ளமும் உண்டு. ஸ்டார்ட்அப் ஃபோல்டருக்குப் பதில் வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டு, ‘உயர்ந்த அதிகாரத்தோடு ஓடு’ என்பதையும் டிக் செய்தேன், அதிகாரம் இருந்தால் நல்லதுதானே என்று. ஸ்கிரிப்ட் வெற்றி என்கிறது, எக்ஸ்புளோரரில் டிரைவைக் காணோம். அட்மின் கணக்கில் விண்டோஸ் இரண்டு தனி அமர்வுகள் வைத்திருக்கும். ஒன்றில் போட்ட டிரைவ் மற்றதில் தெரியாது. அந்த டிக்கை எடுத்தேன், வந்துவிட்டது. இதே காரணத்தால்தான் ‘ரன் ஆஸ் அட்மின்’ போட்டுத் திறக்கும் மென்பொருளுக்கு இசட் தெரிவதில்லை.

ஸ்கிரிப்டில் எனக்குப் பிடித்த இன்னொன்று, அது காரணம் சொல்லும். தோற்றால் பிழை எண்ணை சி டிரைவில் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதி வைக்கும். நான் வெளியே கிளையன்ட் இடத்தில் இருந்தாலும், “அந்த ஃபைலைத் திறந்து கடைசி வரியைப் படிம்மா” என்று போனில் சொன்னால் போதும். 53 என்றால் பெட்டியையே காணோம், கேபிளையோ ரவுட்டரையோ பார். 1326 என்றால் பாஸ்வேர்டு. 1219 என்றால் அதே பெட்டிக்கு வேறு பெயரில் ஏற்கெனவே உள்ளே போயிருக்கிறார்கள், லாக் ஆஃப் செய்துவிட்டு வா. டிக் வழியில் எல்லா நோய்க்கும் ஒரே அடையாளம், அந்தச் சிவப்புப் பெருக்கல் குறி.

ஸ்கிரிப்ட் தோற்கும் இடமும் இருக்கிறது: பாஸ்வேர்டு மாற்றம். எல்லாரும் மாற்ற வேண்டும் என்றால் கிரெடென்ஷியல் மேனேஜரில் 14 பேரும் மாற்றியாக வேண்டும். படத்தோடு ஒரு தாள் அடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறேன். பாதிப் பேர் தாங்களே செய்துகொள்வார்கள், மீதி 7 நாற்காலி எனக்கு. தவிர, ஒருவர் தன் விண்டோஸ் பாஸ்வேர்டை மறந்து, நான் அட்மினாக ரீசெட் செய்து கொடுத்தால், அவர் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளும் அதோடு போய்விடும். மறுநாள் அந்த ஒரு சிஸ்டம் மட்டும் அடம் பிடிக்கும்.

டொமைன் வெல்வது இங்கேதான். லாகின் ஆன அதே பெயரில் ஷேரும் திறக்கும், பாஸ்வேர்டை ஒரு இடத்தில் மாற்றினால் போதும். டிரைவை யாருக்கு எது என்று குழு வாரியாகக் கொடுக்கலாம். நாற்காலி கணக்கில் எல்லாவற்றுக்கும் பூஜ்யம். பிறகு ஏன் எடுக்கவில்லை? எங்கள் லேப்டாப்களில் நான்கு விண்டோஸ் ஹோம் எடிஷன், அவை டொமைனில் சேரவே சேராது. சர்வர், அதற்கு லைசென்ஸ், ஒவ்வொருவருக்கும் அணுகல் லைசென்ஸ், அது படுத்தால் எழுப்ப ஓர் ஆள். அந்த ஆள் நானாகத்தான் இருப்பேன் என்று தெரிந்ததும் பேச்சை மாற்றிவிட்டேன்.

டொமைனில் என் அனுபவம் முந்தைய வேலையில் ஏழெட்டு மாதம், அதுவும் வேறொருவர் போட்டு வைத்ததைப் பார்த்துக்கொண்டது. அதனால் இதை அப்படியே வேதவாக்காக எடுக்க வேண்டாம். அங்கேயும் காலையில் டிரைவ் வராத நாட்கள் இருந்தன. விண்டோஸ் சீக்கிரம் லாகின் காட்ட வேண்டும் என்று நெட்வொர்க்குக்குக் காத்திராமல் உள்ளே விட்டுவிடும். ‘லாகினின்போது எப்போதும் நெட்வொர்க்குக்குக் காத்திரு’ என்ற பாலிசியை ஆன் செய்ததும் டெஸ்க்டாப்கள் ஒழுங்காயின. லேப்டாப்கள் கொஞ்சம் முரண்டு பிடித்துக்கொண்டேதான் இருந்தன. குரூப் பாலிசியின் டிரைவ் அமைப்பில் ‘ரீப்ளேஸ்’ வேண்டாம், ‘அப்டேட்’ வையுங்கள். ரீப்ளேஸ் இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாகப் போடும். முப்பது நாற்பது சிஸ்டம், எல்லாம் புரோ எடிஷன், சம்பளத்துக்கு ஒரு சிஸ்டம் ஆள் இருக்கிறார் என்றால் நான் சொல்வதைக் கேட்காமல் டொமைனுக்கே போங்கள்.

நாலாவதாக ஒரு வழியும் இருக்கிறது. டிரைவ் எழுத்தே வேண்டாம், டெஸ்க்டாப்பில் பெட்டியின் ஃபோல்டருக்கு ஒரு ஷார்ட்கட் போதும். கிளிக் செய்யும்போது இணையும், காலையில் எதையும் ரீகனெக்ட் செய்ய வேண்டியதே இல்லை. எழுத்துக் கேட்கும் மென்பொருள் ஓட்டாதவர்களுக்கு இதுவே தாராளம். பெரிய சார் பிடிஎஃப் திறந்து பார்ப்பதோடு சரி என்பதால் அவருக்கு இதைத்தான் போட்டுக் கொடுத்தேன். மற்ற 13 சிஸ்டத்தின் டெக்ஸ்ட் கோப்புகளை மாதம் ஒரு தடவை புரட்டுகிறேன், அவருடையதில் புரட்ட எதுவும் இல்லை.