வாட்ச்டாக் போட்டாச்சு என்றால் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை பக்கம் மீன் ஏற்றுமதிக் கூடங்களுக்கும் ஐஸ் பிளான்ட்டுகளுக்கும் விடுதிகளுக்கும் சர்வர் வைத்துக் கொடுக்கும் ஒரு நிறுவனம், "ஹார்ட்வேர் வாட்ச்டாக் அமைத்தல்" என்று பில்லில் தனி வரி போட்டுப் பணம் வாங்கியிருக்கிறது. ராத்திரியில் சர்வர் உறைந்து நின்றால் தானே ரீசெட் ஆகி எழுந்துவிடும் என்பது அவர்கள் கொடுத்த வாக்கு. அந்த லினக்ஸ் சர்வர்களை உள்ளே போய்ப் பார்த்தால் ஹார்ட்வேர் வாட்ச்டாக் எதுவும் ஓடவில்லை. ஓடியது சாஃப்ட்டாக் என்ற வெறும் மென்பொருள் டைமர். நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. இதே வேலையை இதே மாதிரி செய்கிறவர்கள் வேறு ஊர்களிலும் இருக்கிறார்கள். ஏமாற்று எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் யாரிடமும் மாட்ட வேண்டியதில்லை.

உண்மையான வாட்ச்டாக் என்பது மதர்போர்டின் சிப்செட்டிலோ, சர்வரைத் தனியே கண்காணிக்கும் பிஎம்சி என்ற சிப்பிலோ தனியாக ஓடும் கவுண்டர். இயங்குதளம் குறித்த நேரத்துக்குள் அதைத் தொட்டு மறுபடி ஏற்றிவிட வேண்டும். தொடாவிட்டால் அது பூஜ்யத்துக்கு இறங்கி, யாரையும் கேட்காமல் ரீசெட் கம்பியை இழுத்துவிடும். சாஃப்ட்டாக் அப்படியில்லை. அது கர்னலுக்குள்ளேயே, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிக்குள்ளேயே, ஓடும் ஒரு டைமர். கர்னலில் இன்டரப்ட் (ஹார்ட்வேர் அனுப்பும் அழைப்பு) நின்று எல்லாம் உறைந்தால் அந்த டைமரும் கூடவே உறையும். எந்த நேரத்துக்காகக் காவல் வைத்தீர்களோ அந்த நேரத்தில் காவல் இருக்காது.

டெமோவில் இது தெரியாது, அதுதான் சூட்சுமம். வாட்ச்டாக்கைத் தொட்டுக்கொண்டே இருக்கும் பின்னணி நிரலான டீமனை "கில் மைனஸ் 9" (kill -9) கொடுத்துக் கொன்று காட்டுகிறார்கள். டீமன் வாட்ச்டாக் சாதனத்தை மூடும் முன் "வி" (V) என்ற ஓர் எழுத்தை எழுதினால்தான் டைமர் நிற்கும். கொல்லப்பட்ட டீமன் அதை எழுதாது, அதனால் டைமர் ஓடிக்கொண்டே போய் ஒரு நிமிடத்தில் சர்வர் ரீபூட் ஆகும். பார்க்கிறவருக்குத் திருப்தி. ஆனால் கர்னல் நலமாக இருக்கும்போது சாஃப்ட்டாக்கும் இதை அப்படியே செய்யும். இன்னொரு டெமோ, கர்னலைப் பேனிக் ஆக்கி, அதாவது மீள முடியாத பிழையில் நிற்க வைத்துக் காட்டுவது. "கர்னல் டாட் பேனிக்" (kernel.panic) மதிப்பை 10 என்று வைத்திருந்தால் பத்து நொடியில் கர்னலே தன்னை ரீபூட் செய்துகொள்ளும். அதற்கும் வாட்ச்டாக்குக்கும் சம்பந்தமே இல்லை.

முதலில் அடையாளத்தைப் பாருங்கள். "டபிள்யூடிசிடிஎல்" (wdctl) என்று அடித்தால் எந்த டிரைவர் (ஹார்ட்வேரை இயக்கும் மென்பொருள்) என்று வரும். "சாஃப்ட்வேர் வாட்ச்டாக்" என்று வந்தால் பணம் வீண். இன்டெல் சிப்செட் போர்டு என்றால் ஐடிசிஓ, ஏஎம்டி என்றால் எஸ்பி5100 என்ற பெயர் வர வேண்டும். பிஎம்சி உள்ள சர்வரில், பிஎம்சியோடு பேசும் ஐபிஎம்ஐ வாட்ச்டாக் டிரைவரைப் போடுவது நல்லது. அங்கே ஒரு சிக்கல் உண்டு: ஐபிஎம்ஐ டிரைவரும் சாஃப்ட்டாக்கும் கேட்பது "டெவ் வாட்ச்டாக்" (/dev/watchdog) என்ற ஒரே பெயரை. சாஃப்ட்டாக் முந்திக்கொண்டு ஏறியிருந்தால் ஐபிஎம்ஐ டிரைவர் பதிவாகாமல் தோற்கும். கர்னலின் பதிவான டிமெசேஜில் (dmesg) ஒரு வரி பிழை மட்டும் விழும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

பிஎம்சி சர்வரில் "ஐபிஎம்ஐடூல் எம்சி வாட்ச்டாக் கெட்" (ipmitool mc watchdog get) கொடுத்துப் பாருங்கள். டைமர் ஓடுவதாகக் காட்ட வேண்டும். மீதி நேரம் இறங்கி, மறுபடி மேலே குதிக்க வேண்டும். செயல் என்ற இடத்தில் ஹார்ட் ரீசெட் அல்லது பவர் சைக்கிள் இருக்க வேண்டும். "நோ ஆக்‌ஷன்" என்றிருந்தால் டைமர் முடிந்தாலும் ஒன்றும் நடக்காது. ஐபிஎம்ஐ டிரைவரின் இயல்பான கெடு 10 நொடிதான். டிஸ்க்கில் பெரிய எழுத்து வேலை நடக்கும்போது டீமன் பத்து நொடி தாமதிக்கலாம்; அதற்கெல்லாம் ரீசெட் விழுந்தால் டேட்டாபேஸ் கெடும். 60 முதல் 120 நொடி வையுங்கள்.

அடுத்தது, ரீபூட்டுக்குப் பிறகும் காவல் இருக்கிறதா என்பது. உபுண்டு லினக்ஸில் வாட்ச்டாக் டிரைவர்கள் பிளாக்லிஸ்டில், அதாவது தானாக ஏற்றக் கூடாதவற்றின் பட்டியலில், இருக்கும். கையால் "மாட்ப்ரோப்" (modprobe) கொடுத்தால் ஏறும், அன்றைக்கு டெமோ நடக்கும். பூட்டில் ஏற்ற வேண்டிய மாட்யூல் (டிரைவர்) பட்டியல் கோப்பில் பெயரை எழுதி வைத்தாலும், பிளாக்லிஸ்டில் உள்ளதை, பூட்டில் சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி (systemd) அடுத்த பூட்டில் ஏற்றாது. முதல் ரீபூட்டோடு காவல் போய்விடும். "இடிசி டிஃபால்ட் வாட்ச்டாக்" (/etc/default/watchdog) கோப்பில் வாட்ச்டாக் மாட்யூல் என்ற இடத்தில் "நன்" (none) என்றிருப்பதை மாற்றிச் சரியான டிரைவர் பெயரைப் போட வேண்டும். டீமனின் கான்ஃபிக் கோப்பில் வாட்ச்டாக் டிவைஸ் வரி கமென்ட்டில் இருந்தால் டீமன் ஓடும், ஆனால் ஹார்ட்வேரைத் தொடவே தொடாது. அதையும் பாருங்கள். சிஸ்டம்டியின் ரன்டைம் வாட்ச்டாக்கையும் இந்த டீமனையும் சேர்த்துப் போடாதீர்கள். சாதனத்தை ஒருவர்தான் திறக்க முடியும், மற்றவருக்கு "பிஸி" என்றுதான் பதில் வரும்.

இன்டெல் போர்டில் சில சமயம் "நோ ரீபூட் ஃப்ளாக்கை மாற்ற முடியவில்லை" என்று பிழை வரும். போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸ் பூட்டி வைத்திருக்கிறது என்று பொருள். பயாஸில் திறக்க வழி இல்லையென்றால் பிஎம்சி பக்கம் போக வேண்டும். சூப்பர்மைக்ரோ போர்டுகளில் பயாஸிலேயே வாட்ச்டாக் என்று ஒரு தேர்வு உண்டு. அதை ஆன் செய்து, அதைத் தொட்டுக்கொண்டே இருக்கும் மென்பொருளைப் போடாவிட்டால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை சர்வர் ரீசெட் ஆகும். போர்டில் உள்ள ஜம்பர் (சிறு இணைப்பு முனை) என்எம்ஐ பக்கம் இருந்தால் ரீசெட்டுக்குப் பதில் என்எம்ஐ என்ற இன்டரப்ட் மட்டும் விழும். இது புரியாமல் "போர்டு சரியில்லை" என்று சொல்லித் தனியாக ஒரு வாட்ச்டாக் கார்டை விற்றால் வாங்காதீர்கள். வேண்டியது ஏற்கெனவே போர்டில் இருக்கிறது.

கையெழுத்துக்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது. பேக்கப் எடுத்து, டேட்டாபேஸை நிறுத்தி, மீதியை டிஸ்க்கில் எழுதி முடிக்க "சிங்க்" (sync) கொடுங்கள். கிராஷ் விவரத்தைச் சேமிக்கும் கேடம்ப் (kdump) சேவையை நிறுத்துங்கள், இல்லையென்றால் கிராஷ் கர்னல் எழுந்து சோதனையைக் குழப்பும். "கர்னல் டாட் பேனிக்" மதிப்பை 0 ஆக்குங்கள். சாஃப்ட்டாக் ஏறவில்லை என்று "எல்எஸ்மாட்" (lsmod) கொடுத்து உறுதி செய்யுங்கள். பிறகு கர்னலை வேண்டுமென்றே பேனிக் ஆக்க, சிஸ்ஆர்க்யூ டிரிகரில் (/proc/sysrq-trigger) "சி" (c) எழுதுங்கள். சர்வர் உறையும். கெடு முடிந்ததும் தானே எழ வேண்டும். ஐபிஎம்ஐ டிரைவரில் மட்டும் பொறுமை வேண்டும்: பேனிக் ஆனதும் அந்த டிரைவர் கெடுவை 255 நொடிக்கு நீட்டிவிடும். நாலேகால் நிமிடம் தாண்டும் முன் பவர் பட்டனைத் தொடாதீர்கள், தொடவும் விடாதீர்கள். ஐபிஎம்ஐ டிரைவர் என்றால், எழுந்த பிறகு பிஎம்சியின் நிகழ்வுப் பதிவைக் காட்டும் "ஐபிஎம்ஐடூல் செல் லிஸ்ட்"டில் (ipmitool sel list) வாட்ச்டாக் ஹார்ட் ரீசெட் என்று பதிவு இருக்க வேண்டும். அப்படியே இன்னொரு முறை உறைய வைத்துப் பாருங்கள். பிளாக்லிஸ்ட் குளறுபடி இரண்டாவது முறைதான் வெளிப்படும். ஏற்கெனவே ஓடும் சர்வர் என்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் இதற்கு நல்ல நேரம். மற்ற நாட்களில் விசைப்படகு கரை சேர்ந்து எடை போட்டு பில் அடிக்கிற நேரத்தில் சர்வர் போனால், மதுரையிலிருந்து ஆள் வரும் வரை மீன் காத்திருக்காது.

விற்கும்போது சொன்ன இன்னொரு பொய்: "கரன்ட் போய் வந்தாலும் வாட்ச்டாக் ஏற்றிவிடும்." ஏற்றாது. அதற்கு பயாஸில் மின்சாரம் திரும்பியதும் ஆன் ஆகும் தேர்வு தனியாக இருக்கிறது. அதேபோல, கர்னல் உயிரோடு இருந்து டேட்டாபேஸ் மட்டும் செத்தாலும் வாட்ச்டாக் சும்மாதான் இருக்கும். டீமனின் கான்ஃபிக் கோப்பில் டெஸ்ட் பைனரி (test-binary) என்ற இடத்தில் டேட்டாபேஸுக்கு ஒரு கேள்வி அனுப்பிப் பார்க்கும் ஸ்கிரிப்டைக் கொடுத்தால்தான் அதுவும் காவலுக்குள் வரும்.

உப்புக்காற்று நம் பக்கத்தில் ராம் (RAM) மெமரியின் தொடுமுனைகளை அரிக்கிறது, ஃபேனை நிறுத்துகிறது. சர்வர் உறைவதற்கு அடிக்கடி இவைதான் காரணம். வாட்ச்டாக் வேலை செய்யத் தொடங்கியதும் அந்தக் கோளாறு ரீபூட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஆகவே மாதம் ஒருமுறை செல் பதிவைப் பார்த்து, வாட்ச்டாக் ரீசெட் எத்தனை என்று எழுதித் தர வேண்டும் என ஆண்டுப் பராமரிப்பு (ஏஎம்சி) ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். டிரைவரின் பெயர், கெடு நொடி, இரண்டு முறை உறைய வைத்துப் பார்த்த சோதனையின் தேதி ஆகிய மூன்றும் பில்லோடு எழுத்தில் வேண்டும். ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டவர்கள் டபிள்யூடிசிடிஎல் காட்டுவதைப் படம் பிடித்து, பில்லில் உள்ள "ஹார்ட்வேர்" என்ற சொல்லோடு சேர்த்து அனுப்பிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். மறுத்தால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று வக்கீலிடம் கேளுங்கள். தொழிலுக்காக வாங்கிய சேவை என்று எதிர்த்தரப்பு வாதிடும், அதற்கும் தயாராகப் போங்கள்.