துணிக்கு நூற்றுக்கு நூறு, லைனோடுதான் சண்டை

என் ஸ்கைடைவிங் கேனபிக்கு (பாராசூட்டின் துணிக் குடை) லைன், அதாவது குதிப்பவரைக் குடையோடு இணைக்கும் கயிறு, மொத்தத்தையும் மாற்றி முடித்த கையோடு ஒரு நண்பர் கேட்டார்: "இதே மாடல் பழசு ஒண்ணு சல்லிசா வருது, வாங்கலாமா?" ஒன்பது செல் (காற்று நிரம்பும் அறை), 170 சதுர அடி, ஸீரோ-பி (காற்றைக் கசியவிடாத) துணி, ஸ்பெக்ட்ரா லைன். இந்த வகை எப்படிப் பறக்கும் என்பது குதிப்பவர்களுக்குத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். நான் அரிசோனாவில், ஈலாய் பக்கம் ஒரு லாஃப்டில் (பாராசூட் பட்டறை) ரிக்கர் வேலை, அதாவது பாராசூட்டைப் பழுதுபார்த்து மடிக்கும் வேலை, பார்க்கிறேன். என்னுடையதை வருஷக்கணக்கில் குதித்துப் பார்த்ததும், மேஜைக்கு வரும் அடுத்தவர்களுடையதைப் பிரித்துப் பார்த்ததும் சேர்ந்ததுதான் இந்தப் பதிவு.

முதலில் துணி. இதில் எனக்குக் குறையே இல்லை. புதிதாக வந்தபோது மடிக்கப் பட்ட பாடு வேறு கதை. சிலிக்கான் பூச்சு என்பதால் எண்ணெய் தேய்த்துவிட்ட குழந்தை மாதிரி கைக்கு அடங்காமல் வழுக்கும். உள்ளே மாட்டிய காற்று துணி வழியாக வெளியேறவும் செய்யாது. முழங்காலைப் போட்டு அழுத்தி ஒரு பக்கத்தைப் பைக்குள் தள்ளினால் மறு பக்கம் வெளியே வரும். சில நூறு குதிப்புக்குப் பிறகு வழுக்கல் குறைந்தது, காற்றைப் பிடித்துவைப்பது மட்டும் குறையவே இல்லை. பழைய எஃப்-111 துணி இப்படி இல்லை. அது முதல் நாளிலிருந்தே மடிக்கச் சுலபம், ஆனால் குதிக்கக் குதிக்கக் காற்றைக் கசியவிட ஆரம்பித்து, இறங்கும்போது காலுக்கு வேலை வைக்கும். ஸீரோ-பிக்கு எதிரி வெயில். இறங்கியதும் மைதானத்தில் பரப்பிப்போட்டுவிட்டு அரட்டையில் நிற்காமல் இருந்தால் போதும். அப்புறம், தயவுசெய்து வாஷிங் மெஷினில் போடாதீர்கள். போட்டவர்கள் இருக்கிறார்கள்.

சண்டை லைனோடு. ஸ்பெக்ட்ரா என்பது பாலிஎத்திலீன் இழை. மெல்லிசு, வலு அதிகம், உரசலை நன்றாகத் தாங்கும். ஆனால் சூடு ஆகாது. சுமார் 150 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். கேனபி திறக்கும்போது, திறப்பை மெதுவாக்கும் சின்னத் துணியான ஸ்லைடரின் நான்கு மூலை வளையங்களும் லைன்களை உரசிக்கொண்டேதான் கீழே இறங்குகின்றன. ஒவ்வொரு திறப்பிலும் கொஞ்சம் சூடு, கொஞ்சம் சுருக்கம். எல்லா லைனும் ஒரே அளவு சுருங்கித் தொலைத்தாலும் பரவாயில்லை. நடுவில் இருக்கும் லைன்கள் பாரம் தூக்குவதால் ஓரளவு நீண்டு சமாளித்துக்கொள்கின்றன. வாலை இழுத்துத் திருப்பவும் வேகத்தைக் குறைக்கவும் உதவும் பிரேக் லைனுக்கும் ஓரத்து லைன்களுக்கும் பாரம் குறைவு என்பதால் அவைதான் அதிகம் சுருங்குகின்றன. ஈலாயின் புழுதி வேறு கூடச் சேர்ந்துகொள்கிறது.

இதில் எரிச்சல் என்னவென்றால் சுருங்குவது வெளியே தெரியாது. கொஞ்ச நாள் முன் மேஜைக்கு வந்த ஒரு கேனபியைச் சொல்கிறேன். வைத்திருந்தவர், "வயசாயிடுச்சு, ஃப்ளேர் முன்ன மாதிரி வரமாட்டேங்குது, விக்கப் போறேன்" என்றார். (ஃப்ளேர் என்றால் இறங்கும்போது பிரேக்கை இழுத்து வேகத்தைக் குறைப்பது.) துணியில் ஒரு பொட்டு இல்லை. லைன் நுனியைக் கொக்கியில் மாட்டி, லேசாக இழுத்துப் பிடித்து, டிரிம் சார்ட்டோடு (லைன் நீள அட்டவணை) ஒவ்வொன்றாக அளந்தோம். நடு லைன்கள் சரி. வலது பிரேக் லைன் நான்கு அங்குலம் குட்டை, இடது மூன்று. அதாவது கையை முழுக்க மேலே விட்டிருந்தாலும் கேனபியின் வால் பகுதி எப்போதும் கொஞ்சம் கீழே இழுபட்டே இருந்திருக்கிறது, அதுவும் வலது பக்கம் கூடுதலாக. முழு வேகம் எடுக்காத கேனபிக்கு ஃப்ளேர் எங்கிருந்து வரும்? கீழ்ப் பகுதி பிரேக் லைன் இரண்டையும் மட்டும் மாற்றிக் கொடுத்தோம். விற்கும் பேச்சு அதோடு நின்றது.

இதைக் கண்டுபிடிக்க ரிக்கர்கூடத் தேவையில்லை. உயரத்தில் இருக்கும்போது டாகிளை (பிரேக் லைன் கைப்பிடி) முழுக்க மேலே விட்டுத் திரும்பிப் பாருங்கள். பிரேக் லைன் காற்றில் பின்பக்கமாக லேசாக வளைந்து நிற்க வேண்டும். நேர்க்கோடாக விறைத்து நின்றால் குட்டையாகிவிட்டது என்று அர்த்தம். முன் ரைசரை (லைன்களை உடம்புப் பட்டையோடு இணைக்கும் நாடா) இழுத்ததும் கேனபி உதறினாலும் அதே கதைதான். தரையில் என்றால் ஸ்லைடர் வளையத்தின் உட்பக்கம் கொஞ்சம் பஞ்சை ஓட்டிப் பாருங்கள். இழை மாட்டினால் அங்கே பிசிர் இருக்கிறது, ஒவ்வொரு திறப்பிலும் லைனை அறுத்துக்கொண்டிருக்கிறது.

இதே இழையைத்தான் பெரும்பாலும் பைலட் சூட்டின் (கேனபிப் பையை வெளியே இழுக்கும் குட்டிப் பாராசூட்) கில் லைனுக்கும் (திறந்த பிறகு அதைச் சுருட்டிவிடும் கயிறு) போடுகிறார்கள், அங்கேயும் சுருங்குகிறது. இது ஃப்ளேர் மாதிரி சின்ன விஷயம் இல்லை. கில் லைன் குட்டையானால் பைலட் சூட் முழுக்க விரியாது, பையைத் தூக்கவும் தெம்பு இருக்காது. காக் பண்ணிய பிறகு (அதாவது மடிக்கும்போது கில் லைனை இழுத்துப் பைலட் சூட்டைத் தயார் பண்ணிய பிறகு) கைப்பிடியையும் அடிப்பகுதியையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். வலைத்துணி விறைப்பாகவும் கில் லைன் கொஞ்சம் தளர்ந்தும் இருக்க வேண்டும். தலைகீழாக இருந்தால் அன்றைக்குக் குதிக்க வேண்டாம். பிரைடிலில் (பைலட் சூட்டைக் கேனபியோடு இணைக்கும் நாடா) இருக்கும் சின்ன ஜன்னலில் நிறம் தெரிகிறதே என்று திருப்திப்பட்டுக்கொள்பவர்கள் நிறையப் பேர். காக் ஆகியிருக்கிறது என்றுதான் அந்த நிறம் சொல்லும், லைன் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று சொல்லாது.

அமெரிக்காவில் ரிசர்வை (ஆபத்துக்கு உதவும் இரண்டாவது பாராசூட்) 180 நாளுக்கு ஒருமுறை ரிக்கர் பிரித்துப் பார்த்து, திரும்ப மடித்து, சீல் வைத்தாக வேண்டும். 2008 வரை அது 120 நாள். வழக்கமாகத் திறக்கும் மெயினுக்கோ மடித்த தேதியோடு சரி, லைன் நீளத்தை யாரும் கேட்பதில்லை.

நியாயமாகப் பேசினால் மற்ற இழைகளும் உத்தமர்கள் அல்ல. ஹெச்.எம்.ஏ. சுருங்காது, மெல்லிசு, ஆனால் பெரிதாக எச்சரிக்காமல் ஒருநாள் பட்டென்று போய்விடும். வெக்ட்ரானும் சுருங்காது, ஆனால் உரசலில் சீக்கிரம் பிசிர் கிளம்பும், வெயிலும் ஒத்துக்கொள்ளாது. டேக்ரான் சாது. திறப்பு மெத்தென்று இருக்கும், ஆனால் தடிமன், மடித்தால் மூட்டை பெரிதாகும். உரசலைத் தாங்குவது, திறக்கும்போது முதுகை உலுக்காமல் இருப்பது, தேய்வதற்கு முன் பல நூறு குதிப்பு ஓடுவது என்று கணக்குப் போட்டால் ஸ்பெக்ட்ராதான் ஜெயிக்கும். நானும் இப்போது திரும்ப ஸ்பெக்ட்ராதான் மாட்டியிருக்கிறேன். பழைய தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து, புது லைன் நுனியை அதன் உள்ளுக்குள்ளேயே கம்பியால் இழுத்துச் செருகி, பார்டேக் (நெருக்கமான கெட்டித் தையல்) போட்டு முடிப்பதற்குள் அதைத் திட்டாத திட்டில்லை.

ஆனால் நண்பருக்கு நான் சொன்னது வேறு. கேனபியை வாங்குங்கள், துணி உங்களைக் கைவிடாது. எத்தனை குதிப்பு ஆகியிருக்கிறது என்று கேட்காதீர்கள், கடைசியாக லைன் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். பதில் இழுத்தால் ஒரு லைன் செட் விலையையும் கூலியையும் கழித்துக்கொண்டு பேசுங்கள். மாற்றும்போது வெக்ட்ரான் போடச் சொல்லுங்கள். "நீங்க மட்டும் ஸ்பெக்ட்ரா போட்டிருக்கீங்களே?" என்றார். நான் சீசனுக்கு ஒருமுறை மேஜையில் போட்டு அளப்பேன். அவர் மாத்திரைத் தேதியைக்கூடப் பார்த்து விழுங்குகிற ஆள் இல்லை. வெக்ட்ரானில் பிசிர் கிளம்பினாலாவது கண்ணில் படும்.